முடிந்தவரை வைத்தியம், அதன் பிறகு வுழூ





இம்மாதம் வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச வேண்டிய விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சிறுநீரை அடக்க முடியாமல் தவிக்கும் பெண்களைப் பற்றியது அது. குறிப்பாக, நரம்பு நோயினால் அந்த நிலைக்கு ஆளானவர்களைப் பற்றியது.

ஒரு மௌலவி இதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தொல்லை பெரும்பாலும் முதலில் வைத்தியரிடம் போவதில்லை. மார்க்கக் கேள்வியாக எங்களைப் போன்றோரிடம்தான் வந்து சேருகிறது. அதுவும் நேராக வருவதில்லை. கணவர் வாயிலாகவோ, பெயர் எழுதாமல் மடித்து ஒட்டிய கடிதமாகவோ வருகிறது. "துணியில் ஈரம் பட்டுக்கொண்டே இருக்கிறது, தொழலாமா?" என்று ஒரேயொரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தால்தான் தெரியும். கலியாண வீட்டுக்குப் போவதை அந்தச் சகோதரி நிறுத்தியிருப்பார். பஸ் ஏறி ஹற்றனுக்குப் போக அஞ்சுவார். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்கமாட்டார். சிலர், "நான் எப்போதும் நஜீஸோடு இருப்பவள்" என்று தமக்குத் தாமே முடிவு செய்து, தொழுகையையே விட்டிருப்பார்கள். கேள்வி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இரண்டு பேருக்குரிய வேலை இருக்கிறது. ஒன்று வைத்தியருடையது, மற்றது எங்களுடையது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசினால்தான் அந்தச் சகோதரிக்குப் பிரயோசனம்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் மார்க்கத்தைக் கேட்டறிவதற்கு வெட்கம் தடையாக நிற்கவில்லை என்பதற்காகவே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மதீனாவின் அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்தார்கள். பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி, தமக்கு நிற்காமல் வரும் இரத்தத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே சென்று கேட்டார்கள். அவர்கள் அன்று வெட்கப்பட்டு வீட்டிலிருந்திருந்தால், இன்று இந்த மஸ்அலாவில் நமக்கு வழிகாட்டும் ஹதீஸ்களில் ஒன்று இல்லாமற் போயிருக்கும்.

முதலில் நோயைப் பார்ப்போம்.

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்கோ 1868ஆம் ஆண்டு இதைத் தனி நோயாக விவரித்தார். மின்சாரக் கம்பியைச் சுற்றி றப்பர் உறை இருப்பதைப் போல எமது நரம்புகளைச் சுற்றியும் ஓர் உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அந்த உறையைத் தாக்கி, மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் ஆங்காங்கே அரித்துவிடுகிறது. அரிபட்ட இடத்தில் செய்தி தடைப்படும், அல்லது தாமதித்துச் செல்லும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஐரோப்பியக் குளிர் நாடுகளோடு ஒப்பிடும்போது எமது நாட்டில் இது அரிது. அரிது என்பதாலேயே சந்தேகம் எழுவதற்கும் நாள் பிடிக்கும்.

ஒரு கண்ணில் வலியுடன் பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், நடக்கும்போது ஒரு கால் இழுத்தல், தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, காரணம் தெரியாத பெரும் களைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றோடு சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் நரம்பு வைத்திய நிபுணரைக் காண வேண்டும். எம்.எஸ். நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேர் வரை ஏதாவதொரு கட்டத்தில் சிறுநீர்ப்பைத் தொல்லைக்கு ஆளாகிறார்கள் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன.

இதை வாசிக்கும் எல்லோரும் பயந்துவிடக் கூடாது. இருமும்போதும் தும்மும்போதும் சில துளி கசிவதற்கு, பிள்ளைப்பேற்றில் தளர்ந்த தசைகளே பெரும்பாலும் காரணம். அது நரம்பு நோயல்ல. ஆனால் நான் இங்கே சொல்லப்போகும் பயிற்சி அவர்களுக்கும் பயன்படும்.

சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது? அது தசையாலான ஒரு பை. நிரம்பும்போது அது தளர்ந்திருக்க வேண்டும், வாசல் இறுகியிருக்க வேண்டும். வெளியேறும்போது பை சுருங்க வேண்டும், வாசல் தளர வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காக நடத்துவது மூளையும் முள்ளந்தண்டு நரம்பும்தான். நரம்பின் உறை கெட்டால் மூன்று விதத்தில் கோளாறு வரும். முதலாவது, பை நிரம்பும் முன்பே சுருங்கிவிடும். நினைத்த மாத்திரத்தில் ஓட வேண்டும், ஓடிச் சேர்வதற்குள் நனைந்துவிடும். இரண்டாவது, பை முழுவதும் வெறுமையாகாது. போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருக்கும். மூன்றாவது, பை சுருங்கும் அதே நேரத்தில் வாசலும் இறுகிக்கொள்ளும். விட்டு விட்டு வரும், முக்க வேண்டியிருக்கும். ஒரே ஆளிடம் இவற்றில் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம்.

பைக்குக் கீழே, முன்னாலிருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரையில் ஊஞ்சல் போல் கட்டப்பட்ட தசைகள் இருக்கின்றன. இடுப்புத் தளத் தசைகள் என்பது இவற்றைத்தான். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை இவையே. இவற்றை இறுக்கினால் வாசல் மூடும் என்பது எல்லோருக்கும் விளங்கும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இவற்றை இறுக்கும்போது, அவசரப்பட்டுச் சுருங்கும் பைக்கு "பொறு" என்ற செய்தி நரம்பு வழியே போகிறது. பை தணிகிறது. ஆகவேதான் நரம்பு நோயாளிக்கும் இந்தத் தசைப் பயிற்சி பயன் தருகிறது.

அமெரிக்கப் பெண்ணோய் வைத்தியர் ஆர்னோல்ட் கெகல் 1948ஆம் ஆண்டு இந்தப் பயிற்சியை எழுதி வெளியிட்டார். அவர் எழுதியது பிள்ளை பெற்ற தாய்மாருக்காக. எம்.எஸ். நோயாளிகளிடம் இது பலிக்குமா என்று பின்னர் சோதித்தார்கள். பின்லாந்தில் 1997இல் வெளியான ஆய்வு, பலிக்கிறது என்றது. வட அயர்லாந்தில் 2006இல் வெளியான ஆய்வில் 30 பெண்களை மூன்று பிரிவாக்கி, 9 வாரங்கள் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியோடு, தசை இறுகுவதைத் திரையில் காட்டும் கருவியும், மெல்லிய மின்தூண்டலும் சேர்ந்து பெற்ற பிரிவினருக்கே நன்மை அதிகமாக இருந்தது. பிரேசிலில் 2010இல் வெளியான ஆய்வில் 12 வாரப் பயிற்சி பெற்ற பெண்களுக்குக் கசிவும், இரவில் எழுந்து போவதும் குறைந்தன. இங்கிலாந்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டலும் எம்.எஸ். நோயாளிகளுக்கு இதை யோசனை செய்யும்படி கூறுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறது. அந்தத் தசையைத் தம் விருப்பப்படி இறுக்கும் சக்தி நோயாளிக்குக் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

இது எம்.எஸ். நோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல. நோய் நோயாகவே இருக்கும். நனைவதும் ஓடுவதும் குறைந்து, மனிதர் மத்தியில் போய்வர முடியும். அதுவே எவ்வளவு பெரிய நிஃமத்!

இனிப் பயிற்சியின் முறை.

தொடங்கும் முன் ஒரு பரிசோதனை கட்டாயம். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்கேன் மூலம் பார்க்க வேண்டும். வலியில்லாதது, வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்ப்பதுதான். 100 மில்லிலீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தால் அவர்களுக்கு வேறு வழி தேவைப்படலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். வாசல் தளராமல் இறுகி நிற்பவர்களுக்கு, மேலும் இறுக்கும் பயிற்சி தொல்லையைக் கூட்டிவிடும். அவர்கள் தளர்த்தும் பயிற்சியைத்தான் கற்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டு மதினி செய்கிறார் என்பதற்காக நீங்களும் தொடங்கிவிடாதீர்கள்.

முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவது போலப் பின்வாசலை இறுக்குங்கள். அப்படியே அந்த இறுக்கத்தை முன்னால் கொண்டுவந்து, சிறுநீரை அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஏதும் செய்வதாகவே தெரியக் கூடாது. மூன்று எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். அதே அளவோ அதைவிடக் கூடுதலாகவோ ஓய்வெடுங்கள். முழுவதும் தளர்வதும் பயிற்சியின் பாதிதான். நாட்கள் செல்லச் செல்லப் பத்து எண்ணும் வரை கூட்டலாம். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளொன்றுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள். அதற்கு முன் "பலனில்லை" என்று கைவிடக் கூடாது. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது சரியல்ல. அது பை வெறுமையாவதைக் கெடுக்கும்.

எம்.எஸ். உள்ளவர்களுக்குக் களைப்பு ஒரு தனி நோய் போன்றது. ஆகவே உடம்பு தெளிவாக இருக்கும் வேளையில் செய்யுங்கள். எட்டு முடியாவிட்டால் நான்கு செய்யுங்கள், நான்கையும் சரியாகச் செய்யுங்கள். மறந்துபோகாமல் இருக்க ஒரு யோசனை. ஸுப்ஹு, ளுஹர், மஃரிப் தொழுகைகளுக்கு ஸலாம் கொடுத்து, திக்ரு முடிந்த பின், முஸல்லாவை மடிக்கும் முன் செய்துவிடுங்கள். தொழுகைக்குள் வேண்டாம்.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓடினால் பை இன்னும் சுருங்கும், கால் தடுக்கி விழவும் கூடும். நின்ற இடத்தில் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். தசையை ஐந்தாறு தடவை விரைவாக இறுக்கி விடுங்கள். மெதுவாக மூச்செடுங்கள். அலை வந்து தணிவது போல அந்த அவசரம் தணியும். தணிந்த பின் நடந்து போங்கள். அதுபோல, இருமுவதற்கு முன்னும், தண்ணீர் வாளியைத் தூக்குவதற்கு முன்னும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பியில் மூன்று நாளைக்குக் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது நனைந்தது என்று. வைத்தியரிடம் வாயால் சொல்லக் கூச்சமானால் அந்தக் கொப்பியை நீட்டினாலே போதும். கணக்கைப் பார்த்து, அவசரம் வருமுன்பே, உதாரணமாக இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, போய்வரப் பழகலாம்.

தண்ணீரைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் பெருந்தவறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்துப் பையை எரிக்கும், கிருமி வளரும், மலச்சிக்கல் வரும். மலக்குடல் நிறைந்திருந்தால் அது பையை நெருக்கும். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி நாளொன்றுக்கு ஒன்றரை லீட்டர் முதல் இரண்டு லீட்டர் வரை, பகலில் பிரித்துக் குடியுங்கள். இரவில் படுக்கப் போகும் முன் மட்டும் குறையுங்கள்.

குறைக்க வேண்டியது தேத்தண்ணீரை. பொகவந்தலாவையில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கே தயக்கம்தான்! ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலை. விருந்தாளி வந்தால் பிளேன்டீ, குளிர் அடித்தால் பிளேன்டீ, கவலை வந்தாலும் பிளேன்டீ. ஆனால் தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டிவிடக் கூடியது. நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை குடிப்பவர் இரண்டாகக் குறைத்துப் பார்க்கட்டும். அஸருக்குப் பின் இஞ்சியோ கொத்தமல்லியோ அவித்துக் குடிக்கட்டும். எங்கள் ஊர்க் குளிரும் அவசரத்தைத் தூண்டும். காலுறை அணிந்து, இடுப்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எம்.எஸ். உள்ளவர்கள் குளிருக்குப் பயந்து கொதிக்கும் நீரில் குளிக்கக் கூடாது. உடல் சூடு ஏறினால் அவர்களுடைய பார்வையும் கால்பலமும் தற்காலிகமாகக் குன்றிவிடும்.

காய்ச்சலும் அப்படித்தான். சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்தால், எம்.எஸ். நோயே கூடிவிட்டது போலக் கால் விழுந்துவிடும். பலர் அதை நோயின் முற்றல் என்று எண்ணிக் கவலையில் ஆழ்கிறார்கள். கிருமிக்கு மருந்து கொடுத்தால் பழைய நிலைக்கு வருவதுண்டு. ஆகவே எரிச்சல், துர்நாற்றம், காய்ச்சல் கண்டால் உடனே சிறுநீரைச் சோதியுங்கள். சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலும், சிறுநீர் அடியோடு நின்றாலும், மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பயிற்சி மட்டும் போதாதவர்களுக்குப் பையின் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. பைக்குள் செலுத்தும் ஊசியும் உண்டு. மிச்சம் நிற்பவர்களுக்கு, மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே குழாயை அகற்றிவிடும் முறை இருக்கிறது. அமெரிக்க வைத்தியர் ஜெக் லபிடஸ் 1972இல் இதை எடுத்துரைத்தார். கைகளைச் சுத்தமாகக் கழுவினாலே போதும், சத்திரசிகிச்சைக் கூடத்துச் சுத்தம் தேவையில்லை என்று அவர் காட்டியதால், வீட்டிலேயே செய்துகொள்ளும் வழி திறந்தது. குழாய் என்றதும் "எல்லாம் முடிந்துவிட்டது" என்று எண்ணாதீர்கள். கண்ணாடி அணிவதைப் போல அதுவும் ஓர் உதவிதான்.

நரம்பு நோயாளிக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் போதாது, வாழப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் எமது பகுதியில் வேரூன்ற உழைத்தவர் ஒரு பெண் வைத்தியர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று புனர்வாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பினார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் உருவானது. 1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 1986இல் காலமானார். முள்ளந்தண்டு அடிபட்டவருக்குச் சிறுநீர் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை அவருக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எம்.எஸ். நோயாளிகளுக்கென்றே இந்தியாவில் 1985இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதற்குச் சென்னையிலும் கிளை உண்டு.

எமது நாட்டில் எங்கே போவது? அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. எங்கள் பக்கத்துச் சகோதரிகள் ஊர் வைத்தியசாலையிலிருந்தோ, 2017இல் புதிய கட்டிடம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலிருந்தோ கடிதம் பெற்று, கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். புனர்வாழ்வுக்கென்றே ராகமையிலும் திகனையிலும் வைத்தியசாலைகள் இருக்கின்றன. பிசியோதெரபி என்னும் இயன்மருத்துவம் செய்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். "பெண் ஒருவர் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள், வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் காதோடு சொல்லுங்கள். 1996 முதல் நடைபெறும் 'சுவநாரி' பெண்கள் கிளினிக்கும் நல்ல வாசல்தான்.

மறைவிடத்தை இன்னொருவர் பார்ப்பது கூடுமா என்ற கேள்விக்குப் பதில் தெளிவானது. தேவை இருக்கும்போது, தேவையின் அளவுக்கு, வைத்தியத்துக்காகக் கூடும். பெண் வைத்தியர் கிடைக்கும்போது அவரிடமே போக வேண்டும். கிடைக்காதபோது ஆண் வைத்தியரிடம், தனித்திராமல், மஹ்ரமோ தாதியோ உடனிருக்கக் காட்டலாம்.

இனித் தொழுகைக்கு வருவோம்.

எங்கள் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் ஃபத்ஹுல் முஈன் போன்ற ஷாபிஈ மத்ஹபுக் கிதாபுகளில் 'தாயிமுல் ஹதஸ்' என்று ஒரு பாடம் உண்டு. தொடக்கு நீங்காமல் இருப்பவர் என்று பொருள். சிறுநீர் நிற்காதவர் அதில் சேர்வார். தொழும் அளவுக்கு நேரம் ஈரம் நின்றிருக்கும் இடைவெளி கிடைக்குமென்றால் அந்த நேரத்தில் தொழ வேண்டும். அப்படிக் கிடைக்காதவருக்குச் சட்டம் இதுதான். தொழுகையின் நேரம் வந்த பின் இஸ்தின்ஜா செய்து, சுத்தமான துணியோ பேடோ வைத்துக்கொண்டு, வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். தொழும்போது கசிந்தாலும் தொழுகை முறியாது. அந்த வுழூவில் ஒரு பர்ளும், விரும்பிய அளவு ஸுன்னத்துகளும் தொழலாம். அடுத்த பர்ளுக்கு மீண்டும் வுழூ. ஹனபி மத்ஹபில் ஒரு நேரத்துக்குச் செய்த வுழூ அந்த நேரம் முடியும் வரை போதும்.

ஒவ்வொரு நேரமும் எழுந்து இத்தனையும் செய்ய உடம்பு இடம் தராதவர்களுக்கு என்ன வழி? ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கு, தொடர் உதிரப்போக்கின்போது ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். ஹன்பலி மத்ஹபு இப்படிப்பட்ட நோயாளிக்குச் சேர்த்துத் தொழ அனுமதிக்கிறது. எமது மத்ஹபின் பிரபலமான கருத்து அதுவல்லவெனினும், நோயாளி சேர்த்துத் தொழுவதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வலுவான கருத்தாகக் கண்டார்கள். உங்கள் நிலையை உங்கள் ஊர் ஆலிமிடம் கூறி வழி கேளுங்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நீங்கள் அறிந்ததே. விட்டுவிடுவதற்கு மட்டும் வழியில்லை. ஏனென்றால், விடவேண்டிய தேவையே இல்லாதபடி மார்க்கம் இலேசாக்கித் தந்திருக்கிறது.

நோன்பில், தசைப் பயிற்சி செய்வதால் நோன்பு முறியாது. சிறுநீர்க் குழாய் செலுத்துவது பற்றி ஷாபிஈ கிதாபுகள் முறியும் என்கின்றன. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் முறியாது என்று தீர்மானித்தது. உள்ளே கருவி வைத்துச் செய்யும் பரிசோதனைகளை நோன்பல்லாத நாளுக்கு வைத்துக்கொள்வது கருத்து வேற்றுமையில்லாத வழி. பகல் முழுவதும் தண்ணீரின்றி இருந்தால் கிருமித் தொற்று வரும் என்று வைத்தியர் தடுத்தால், நோயாளிக்குரிய சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். சலுகையும் அல்லாஹ் தந்ததுதான்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி அடிக்கடி எழுந்து போவதைக் கணவர் கேலி செய்யக் கூடாது. மருமகளின் துவைத்த துணிகளை மாமியார் எண்ணிப் பார்க்கக் கூடாது. இரவில் போய்வர வெளிச்சமும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், கதவுக்குச் சமீபமான படுக்கையும் செய்து கொடுங்கள். கண்டிக்குக் கிளினிக் போகும் நாளில் வழியில் எங்கெங்கே இறங்கலாம் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சீட்டுப் பிடிப்பதைவிட அது பெரிய உதவி. மலையில் கொழுந்து பறிக்கும் எமது தோட்டத்துச் சகோதரிகள், ஒதுங்க இடமில்லாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் கடைக்கு வந்து கழிப்பறை கேட்டால் முகம் சுளிக்காமல் திறந்துவிடுங்கள். அதுவும் ஸதகாதான்.

நிறைவாக, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ எழுதியவர்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பு அவர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. முதுமையில் அவர்களுக்குச் சிறுநீர் நிற்காமற் போயிற்று. முடிந்தவரை அதற்கு வைத்தியம் செய்தார்கள். அது தம்மை மிஞ்சியபோது வுழூச் செய்து தொழுதார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. வெட்கத்தால் ஒளியவுமில்லை, வைத்தியத்தை வெறுக்கவுமில்லை, தொழுகையை விடவுமில்லை. குர்ஆனைத் திரட்டிய கைகளுக்குரியவரை இந்த நோய் தாழ்த்திவிடவில்லையென்றால், சகோதரியே, உங்களை மட்டும் எப்படித் தாழ்த்தும்?

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். நாளையே கிளினிக் நாள் எதுவென்று விசாரியுங்கள். அடுத்த தொழுகையின் நேரம் வந்ததும் வுழூச் செய்துகொண்டு முஸல்லாவில் நில்லுங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.